ஆணை எண் அறுபத்து மூன்றில் ஒரு துண்டு

எங்கள் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக ஒரு துண்டு கிடந்தது. அது அழுக்காகவும் இல்லை, கிழியவும் இல்லை. ஏனென்றால் அது துணி அல்ல. சுவடு மொழியின் ஆணைப் பட்டியலில், கடைசி வரியில், எண் 63-க்கு எதிரே எழுதியிருந்த ஒரே ஒரு சொல்: "ஒதுக்கப்பட்டது". யார் ஒதுக்கினார், எதற்காக ஒதுக்கினார் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் அதைத் தொடவில்லை. பஸ் ஜன்னல் வழியாக ஒருவர் போட்டுவிட்டுப் போன துண்டை எடுத்து வெளியே எறிய நம் ஊரில் எவருக்குக் கை வரும்? அதே மரியாதைதான்.

சுவடு என்பது செயற்கைக் கால்களுக்காக உண்டாக்கிய கணினி மொழி. இன்றைக்கு நாட்டில் நாலரை லட்சம் பேர் செயற்கைக் காலில் நடக்கிறார்கள். ஒவ்வொரு காலுக்குள்ளும் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கும், அதற்குள் சுவடு ஓடும். தெருமுனை நடைக்கடையில் போய் உட்கார்ந்தால், கடைக்காரர் உங்களை நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் உங்களுக்கென்று ஒரு நிரல் எழுதித் தந்துவிடுவார். கல்யாணத்துக்குப் போக மிடுக்கான நடை வேண்டுமென்று கேட்பவர்களும் உண்டு. அந்த மொழியைப் பராமரிப்பது பாளையங்கோட்டையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. அதில் நான்காவது ஆள் நான், பியூலா. வயது நாற்பத்திரண்டு, பொறுமை கொஞ்சம் கம்மி. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வரும் நேரத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி என் அறைக்குள் வந்தார். உலகம்மாள் என்று பெயர் சொன்னார். பாபநாசம் ரூட் பஸ்ஸில் கண்டக்டராம். வேலைக்குப் போகாத நாளிலும் காக்கியைக் கழற்ற மனசு வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

கண்டக்டரா, இந்தக் காலத்திலுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். டிரைவர் இல்லாத பஸ் வந்தபோது கண்டக்டரையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறே மாதம். டிக்கெட் கொடுக்க எந்திரத்துக்குத் தெரிந்தது, பஸ் ஓட்டத் தெரிந்தது. சீட்டுச் சண்டையைத் தீர்க்கத்தான் தெரியவில்லை. கைகூப்பிக் கண்டக்டர்களைத் திரும்ப அழைத்தார்கள், காகித டிக்கெட்டோடு.

"மேடம், இந்தக் காலு நல்லா நடக்குது, ஓடுது, படி ஏறுது" என்று வலது முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினார் உலகம்மாள். இரண்டு வருடத்துக்கு முன் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் அந்தக் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். "நிக்கத்தான் மாட்டேங்குது."

"நிக்கதுக்கு ஏழாம் ஆணை இருக்கே?"

"அது தரையில நிக்கதுக்கு. நான் நிக்கது பஸ்ல."

அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவருக்குத் தகுதித் தேர்வு. நெல்லை ஜங்ஷனிலிருந்து அம்பை வரை, ஓடுகிற பஸ்ஸில், எதையும் பிடிக்காமல் நின்று நாற்பது டிக்கெட் கிழிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருக்கிறார். மூன்றாவது தடவையும் விழுந்தால் பிறகு தேர்வே கிடையாது.

"டைம் ஆபீஸ்ல உக்காந்து எந்த பஸ்ஸு எப்பப் போச்சுன்னு ஆயுசுக்கும் எழுத வேண்டியதுதான்" என்றார்.

"உக்காந்து பாக்குற வேலை கிடைக்காதான்னு ஆளுக கெஞ்சுதாங்க."

"எனக்கு மனுசங்க முகத்தப் பாக்கணும் மேடம். அங்க உக்காந்தா பஸ்ஸோட முகத்தத்தான் பாக்கலாம். பதினாறு வருசம் சண்ட போட்டுட்டு, சிரிச்சிட்டு, யாரு வீட்டுல கல்யாணம், யாரு பொண்ணு காலேஜு சேந்திருக்குன்னு எல்லாம் கேட்டுட்டுப் போனவ நான். அத விட்டுட்டு இருக்க முடியாது."

காலில் இருந்த பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பஸ் திடீரென்று பிரேக் போடும்போது, விழாமல் சமாளிக்க அந்தக் கால் ஒன்பது ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறது. இமை மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் அதற்குள் உலகம்மாள் மூன்றாவது சீட்டுக்காரர் மடியில் இருப்பார்.

"போன தடவ ஒரு வாத்தியாரு மடியில விழுந்தேன். பாவம், கையில சாம்பார் வச்சிருந்தாரு."

"இந்த ஒம்பதையும் சேத்து ஒரே ஆணையா ஆக்கிட்டா சரியாப்போயிரும்" என்றேன்.

"ஆக்குங்க."

"இடம் இல்ல."

உலகம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காரணம் சொல்லாமல் அனுப்ப முடியாது என்று புரிந்தது.

"ஒரு ஆணைங்கது முப்பத்திரண்டு கட்டம்னு வச்சிக்கிடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒண்ணு இல்லன்னா சைபர். முதல் ஆறு கட்டம் என்ன வேலைன்னு சொல்லும். மடக்கு, நீட்டு, நில்லு, இப்படி. அடுத்த எட்டு கட்டம் எந்த மூட்டுன்னு சொல்லும். மிச்சம் இருக்கது எவ்வளவு, எவ்வளவு நேரம். ஆறு கட்டத்துல ஒண்ணையும் சைபரையும் எப்படி மாத்தி மாத்தி எழுதினாலும் அறுபத்து நாலு வேலைக்குத்தான் நம்பர் குடுக்க முடியும். சைபர்ல தொடங்கி அறுபத்து மூணு வரைக்கும்."

"ஆற ஏழாக்குங்களேன்."

"ஆக்கினா நாலரை லட்சம் காலும் தன்னோட பழைய நிரலத் தப்பா வாசிக்கும். ஏறச் சொன்னா எறங்கும்."

"சரி, அறுபத்து நாலு சீட்டு வண்டி. எங்க வண்டியே அம்பத்தஞ்சுதான். ஒரு சீட்டு கூடவா காலி இல்ல?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "கடைசி சீட்டு ஒண்ணு இருக்கு. ஆனா துண்டு கிடக்கு."

அவர் படித்துப் பார்த்தார். முகத்தில் தொழில்முறைச் சிரிப்பு ஒன்று வந்தது. "யார் துண்டு?"

"தெரியாது. முப்பத்தொரு வருசமா கிடக்கு."

"முப்பத்தொரு வருசமா! நான் மூணு நிமிசத்துல தீத்துருவேன் மேடம்."

எங்கள் குழுவின் தலைவர் தனுஷ்கோடி சார். சுவடு மொழியை முதலில் எழுதியவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர் அவர் ஒருவர்தான். தங்கமான மனிதர். அவர் மேசையில் ஒரு சின்ன ரேடியோ நாள் முழுக்கப் பழைய பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். எனக்கு அவரிடம் பிடிக்காதது ஒன்றே ஒன்று, அந்த ஷூ. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவை அவர் எங்கேயும் கழற்ற மாட்டார். என் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தவர் வாசலிலேயே நின்று வாழ்த்திவிட்டு, வாசலிலேயே காபி குடித்துவிட்டுப் போனார். பெரிய துரை என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உலகம்மாள் மனுவை வைத்தேன். மனு கொடுத்தவரும் வரலாம் என்பதால் அவரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அறுபத்து மூணு ஒதுக்கப்பட்ட எண். தொடக்கூடாது" என்றார் தனுஷ்கோடி சார், கோப்பைத் திறக்காமலே.

"யாருக்கு ஒதுக்கினது சார்?"

"யாருக்கா வேணா இருக்கட்டும். பட்டியல்ல அது சும்மா கிடக்கு, சரிதான். ஆனா காலியா இருக்குற எண்ணுல ஒரு நடைக்கடைக்காரன் தன்னோட வாடிக்கையாளர் ஒருத்தருக்கு மட்டும் தனியா ஏதாவது போட்டுக் குடுத்திருக்கலாம். அப்படி நம்ம சில்லுல முடியும். நாம அந்த எண்ணோட அர்த்தத்த மாத்துற அன்னைக்கு அந்த மனுசர் மாடிப்படியில நின்னா என்ன ஆகும்?"

அவர் சொன்னது நியாயம். ஒருவரை நிற்கவைக்கப் போய் இன்னொருவரைத் தள்ளிவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கரைப்பது? அதே வழியில் உலகம்மாளுக்கு மட்டும் தனியாகப் போட்டுக் கொடுக்கவும் முடியாது. பொதுமக்களோடு வேலை பார்ப்பவர்களின் காலில் பட்டியலில் உள்ள ஆணைகள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது தேர்வின் விதி.

ஓரத்தில் ஒரு கை எழுந்தது.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா? சீட்டுல துண்டு கிடந்தா நாங்க மூணு தடவ கேப்போம். 'இது யார் துண்டு, இது யார் துண்டு, இது யார் துண்டு?' ஆளு பஸ்ல இருந்தா துண்டு செல்லும். இல்லன்னா செல்லாது. கீழ நின்னு டீ குடிக்கான், இப்ப வந்துருவான்னு பக்கத்து ஆளு சொன்னாலும் செல்லாது. இங்கயும் கேட்டுப் பாத்துரலாமே."

"நாலரை லட்சம் பேர்கிட்டயா?" என்றார் சார்.

"விசில் அடிங்க."

கால்களுக்கு மாதாமாதம் புதுப்பிப்பு அனுப்பும் சலீமா துள்ளி எழுந்தாள். "முடியும் சார்! எந்தக் காலாவது அறுபத்து மூணாம் ஆணைய வாசிச்சா, அது பழைய வேலையச் செய்யட்டும், கூடவே ஒரு விசிலும் அடிக்கட்டும். மூணு வாரம் பாப்போம். யாருக்கும் ஆபத்து இல்ல."

வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு என்று விசில் வென்றது. எதிர்த்த இரண்டில் ஒன்று தனுஷ்கோடி சாருடையது. "சரி, விதிப்படி நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்தார். எந்தக் காலும் புதுப்பிப்பை மறுக்க முடியாது என்று பத்து வருடத்துக்கு முன்னால் விதி எழுதியவரே அவர்தான்.

முதல் வாரம் நாடு முழுவதிலும் இருந்து ஒரே ஒரு தகவல் வந்தது. தஞ்சாவூரில் ஒருவருடைய கால் விசில் அடிக்கிறதென்று அவர் மனைவி போன் செய்தார். சலீமா ஓடிப்போய் விசாரித்ததில் அது அடுப்படியில் இருந்த குக்கர். இரண்டாவது வாரம் அதுவும் இல்லை.

அந்த இடைவெளியில் உலகம்மாளின் நிற்பு ஆணையை எழுதி முடித்து, எங்கள் சோதனைக் கால் ஒன்றில் போட்டு அவருக்கு மாட்டிவிட்டேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து சமாதானபுரம் வரை ஒரு மினி பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் குழி. உலகம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றார். பஸ் குலுங்கியது, சாய்ந்தது, பிரேக் போட்டது. அவர் அசையவில்லை. "மேடம், நிக்கேன்! நிக்கேன் பாருங்க!" என்று கத்திச் சிரித்தவர், இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த அம்மாளுக்கு அந்தச் சீட்டு கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிடுவதென்று பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே முடிவு செய்தேன். அப்படி நான் மாதம் ஒரு தடவை முடிவு செய்வேன் என்பது வேறு விஷயம்.

தனுஷ்கோடி சார் மட்டும் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனார். ரேடியோ பாடவே இல்லை. "பேட்டரி தீந்துபோச்சும்மா" என்றார். நான் புது பேட்டரி வாங்கிக் கொடுத்தேன், வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். டீக்கடையில் பாட்டுப் போட்டிருந்தால் டீ குடிக்காமலேயே திரும்பி வந்தார். ரத்த அழுத்தம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நாலரைக்கே எல்லோரும் கூட்ட அறையில் உட்கார்ந்துவிட்டோம். உலகம்மாள் கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆளுக்கு ஒரு கட்டு கொண்டுவந்து, ஐந்து மணி அடித்ததும் கொடுப்பதற்காக மடியில் வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு ஐம்பதுக்குத் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் சரியாக எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு பழைய பாட்டைத் தூக்கினார்கள். கண்ணாடி அதிர்ந்தது. தனுஷ்கோடி சார் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் வலது முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"சார், உடம்புக்கு என்ன?" என்று நான் எழுந்தேன்.

மேசைக்கு அடியில் விசில் அடித்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மறுபடியும் அடித்தது. அப்புறம் நிற்கவே இல்லை, தெருவில் பெரிய டிரம் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் இங்கே ஒரு விசில். ஒரு அடி கூடப் பிசகவில்லை. கீழே இருந்த பேண்டுக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, தங்களோடு சேர்ந்து விசிலடிக்கும் ரசிகருக்குக் கைகாட்டினார்.

ஊர்வலம் நகர்ந்த பிறகுதான் அறையில் சத்தம் ஓய்ந்தது. தனுஷ்கோடி சார் குனிந்து வலது ஷூவைக் கழற்றினார். உள்ளே பழைய மாதிரிக் கால், முப்பது வருடத்துக்கு முந்தையது.

"சின்ன வயசுல நான் ஒரு இன்னிசைக் குழுவுல டிரம்ஸ் வாசிச்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "பெரிய டிரம்மை வலது காலாலதான் மிதிக்கணும். ஒரு கச்சேரிக்குப் போற வழியில வேன் கவுந்துச்சி. கால் போச்சி. அப்புறம் படிச்சி இங்க வந்தேன். குழுவுல நான்தான் சின்னவன். ஊரு நடக்கதுக்கு அறுபத்து மூணு ஆணை எழுதி முடிச்சோம். கடைசி நம்பர் மிஞ்சிச்சி. அதுல எனக்கு ஒரு மிதி எழுதிக்கிட்டேன், பாட்டு கேட்டாக் கால் தானாத் தாளம் மிதிக்கும். பல ஆணையாப் போட்டா மிதி பிந்தும், தாளம் செத்துப்போகும். ஒரே ஆணையாத்தான் வேணும். ஆனா நடக்கதுக்கு அது ஒரு பிரயோசனமும் இல்ல. கேட்டாச் சிரிப்பாங்கன்னு பட்டியல்ல 'ஒதுக்கப்பட்டது'ன்னு எழுதி வச்சேன்."

"மாடிப்படியில நிக்கவர் விழுந்துருவார்னு சொன்னீங்களே சார்?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பதினொரு வருடம் கூட வேலை பார்த்தவளிடம் மறைத்த கோபம், மூன்று வாரமாக உலகம்மாளை ஏங்கவைத்த கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது.

"அதுவும் உண்மைதான் பியூலா. ஆனா நான் அதுக்காகச் சொல்லல. எல்லாருக்கும் பொதுவான எடத்துல ஒரு துண்டப் போட்டுட்டு, விதியப் பேசி அத முப்பத்தொரு வருசம் காவல் காத்திருக்கேன். அசிங்கமா இருக்கு. இருபத்தோரு நாள் பாட்டே கேக்காம ஓட்டிட்டேன். இன்னும் பத்து நிமிசம் அந்த மாப்பிள்ள மெதுவா வந்திருக்கப்படாதா?" சிரிக்க முயன்றார். பேனாவை எடுத்தார். "நடக்க வேண்டியவங்களுக்கு முன்னால தாளம் என்ன தாளம். இப்பவே எழுதிக் குடுக்கேன். எடம் காலி."

என் கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. வாசலில் நின்று காபி குடித்த மனிதரை இத்தனை வருடம் துரை என்று திட்டியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும்தான். சீட்டு கிடைத்துவிட்டது.

"செல்லாது சார்" என்றார் உலகம்மாள்.

"என்னம்மா?"

"நீங்க எழும்புறது செல்லாது. மூணு வாரம், மூணு தடவ கேட்டாச்சு. அஞ்சு மணி இன்னும் ஆகல. ஆளு பஸ்ல இருக்காரு. துண்டு செல்லும்."

"உலகம்மா! உங்க தேர்வு இருபத்தெட்டாம் தேதி" என்றேன்.

"தெரியும் மேடம்." மடியில் இருந்த அப்பளக் கட்டுகளை ஒன்றாக அடுக்கினார். "எனக்கு வேணுங்கதுக்காகச் சட்டத்த வளைச்சா நான் என்ன கண்டக்டரு? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு 'இது யார் துண்டு'ன்னு கேப்பேன்? அவரு இத்தன வருசம் அந்தச் சீட்டுல உக்காந்துதான் வந்திருக்காரு."

அப்பளக் கட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். கதவு வரை நடந்தார். அவர் நடையில் ஒரு குறையும் இல்லை, பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. கைப்பிடியில் கை வைத்தவர், ஏதோ பழக்கத்தில் திரும்பினார்.

"சார், அந்தச் சீட்டு எவ்வளவு அகலம்?"

"அகலமா?"

"எங்க வண்டியில மூணு பேரு சீட்டுல நாலு பேர உக்கார வைப்போம்லா? துண்டு போட்டவர எழுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'ன்னு சொல்ல அதிகாரம் உண்டு."

"அது பஸ்ல உலகம்மா. இங்க ஒரு நம்பருக்கு ஒரு ஆணைதான். ஆறு கட்டம் நம்பருக்கு, எட்டு கட்டம் எந்த மூட்டுங்கதுக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றேன். "சார், உங்க மிதி எந்த மூட்டுல?"

"கணுக்கால். வேற எதுல மிதிக்க?"

"இவங்க நிப்பும் கணுக்கால்தான். எப்பவும் கணுக்கால்தான்."

தனுஷ்கோடி சார் என்னை ஒரு நொடி பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப அந்த எட்டு கட்டம்..."

"சும்மா கிடக்கு சார்!"

ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ஒன்றும் இல்லாமல் மனிதர் வெள்ளைப் பலகைக்கு ஓடினார். நானும் ஓடினேன். மூட்டைச் சொல்ல வேண்டாத ஆணைகளுக்கு அந்த எட்டுக் கட்டமும் வீண். வீணாகிற கட்டத்தில் மூட்டுக்குப் பதிலாக ஒரு சீட்டு நம்பரை எழுதிவிட்டால் போதும். 63 என்று வந்தால் அது எந்த வேலையும் அல்ல, "பக்கத்து எட்டுக் கட்டத்தைப் பார்" என்று அர்த்தம். அங்கே சைபர் இருந்தால் மிதி, சார் தன் நிரலில் அந்தக் கட்டங்களைச் சைபராகவே விட்டிருந்தார். ஒன்று இருந்தால் நிற்பு. யாரையும் எழுப்பவில்லை, எந்தப் பழைய காலும் தடுமாறாது.

"எத்தன பேரு உக்காரலாம்?" என்று கேட்டார் உலகம்மாள். கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார், பயந்து பயந்து சிரித்தபடி.

"எட்டு கட்டத்துல இருநூத்தம்பத்தாறு."

"ஒரு சீட்டுலயா? ஐயோ, இத எங்க டிப்போ மேனேஜர் காதுல போட்டுராதீங்க!"

சலீமா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வாக்கெடுப்பு அரை நிமிடத்தில் முடிந்தது, ஐந்துக்கு ஐந்து. முப்பத்தொரு வருடமாக இது ஏன் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். துண்டு கிடக்கிறது என்ற மரியாதையில் அந்தச் சீட்டின் பக்கம் நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

புதிய பட்டியல் அடுத்த வாரமே எல்லாக் கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மிதியும் பட்டியலில் ஏறியதால் அது இப்போது ஊர்ச் சொத்து. முதல் பத்து நாளிலேயே நடைக்கடைகளில் தொள்ளாயிரம் பேர் அதைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். நடப்பதற்கு ஒரு பிரயோசனமும் இல்லாத ஆணைக்கு இத்தனை கிராக்கியா என்று தனுஷ்கோடி சார் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. அலுவலகத்துக்குள் வந்ததும் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிடுகிறார்.

இருபத்தெட்டாம் தேதி காலை அவரை ஜங்ஷனிலேயே பஸ் ஏறி எனக்கும் ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். என் வீடு வழியில் உள்ள பேட்டையில். நான் ஏறியபோது பஸ்ஸில் எள் விழ இடமில்லை. தனுஷ்கோடி சார் ஜன்னல் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் முழுப் பலாப்பழத்தோடு.

"துண்டு போட்டேன் பியூலா" என்றார் பரிதாபமாக. "மூணு தடவ கேட்டாங்க. ஆளு பஸ்ல இல்லன்னு..."

தேர்வு அதிகாரி கையில் குறிப்பேட்டோடு படிக்கு அருகில் நின்றிருந்தார். உலகம்மாள் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கையிலும் டிக்கெட் கட்டோடு வந்தார். பஸ் ஆடியது, அவர் ஆடவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி கண்ணால் சிரித்தார். உடனே அதை மறைத்துக்கொண்டு, "எங்க போணும்?" என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோலக் கேட்டார். அம்பை என்றேன். பதினெட்டாவது டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு எருமை சாவகாசமாகச் சாலைக்கு வந்தது. டிரைவர் இல்லாத பஸ்ஸுக்கு எருமை என்றாலும் ஒன்றுதான், யானை என்றாலும் ஒன்றுதான். அடித்தது பாருங்கள் பிரேக். பலாப்பழம் உருண்டது. அதிகாரி பறந்துபோய்த் தனுஷ்கோடி சார் மடியில் விழுந்தார். நின்றிருந்த நானும் சரிந்து, மூக்கு முன்சீட்டுக் கம்பியில் மோதிக் கண்ணில் பூச்சி பறந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பஸ்ஸில் நின்றவர்களில் நின்றபடியே இருந்தது ஒருவர் மட்டும்தான். உலகம்மாள் இருபத்தொன்பதாவது டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். அதிகாரி விழுந்த இடத்தில் இருந்தபடியே குறிப்பேட்டைத் தேடி எடுத்து, "தகுதி" என்று எழுதினார். பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிகாரியை மடியில் வைத்துக்கொண்டே தனுஷ்கோடி சாரின் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

உலகம்மாள் என் பக்கம் வந்தார். மூக்கைத் தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கிற கண்டக்டர் குரலில் சொன்னார்:

"மேடம், கம்பியப் பிடிச்சிக்கிடுங்க. எல்லாருக்கும் செயற்கைக் காலு இருக்காதுல்லா?"

அம்பை வரை பிடித்துக்கொண்டுதான் போனேன்.